பருவ முன் பயிற்சிச் சுமையும் கூடைப்பந்து வீரர்களின் உடல்திறனும்

பருவ முன் பயிற்சி என்பது போட்டிப் பருவம் தொடங்குவதற்கு முந்தைய சில வாரங்களில் விளையாட்டு வீரர்களைப் போட்டிக்கு ஆயத்தப்படுத்தும் பயிற்சிக் கட்டமாகும். அந்த வாரங்களில் வீரரின் உடல் ஏற்கும் மொத்த உழைப்பின் அளவு பயிற்சிச் சுமை எனப்படுகிறது. சுமை போதாவிட்டால் உடல்திறன் வளராது. உடல் பழகாத அளவுக்குச் சுமை திடீரென ஏறினால் அயர்வும் காயமும் வரும். ஆகவே எவ்வளவு பயிற்சி என்பதோடு, எந்த நிலையிலிருந்து எந்த வேகத்தில் அந்த அளவு ஏற்றப்படுகிறது என்பதும் முக்கியமானது.

காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூர் வட்டம் போன்ற ஊரகப் பகுதிகளில் உள்ள பள்ளி அணிகளின் சூழலை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை இவ்வுறவை விளக்குகிறது. விலை உயர்ந்த கருவிகள் எட்டாத இடங்களிலும் ஒரு குறிப்பேட்டையும் கைக்கடிகாரத்தையும் கொண்டு பயிற்சிச் சுமையை அளக்க முடியும்.

## கூடைப்பந்து ஆட்டத்தின் உடல் தேவைகள்

கூடைப்பந்து ஆட்டத்தை 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நைஸ்மித் உருவாக்கினார். குளிர்காலத்தில் உள்ளரங்கில் ஆடத்தக்க ஓர் ஆட்டமாக அது தொடங்கியது. சென்னையில் 1920இல் ஹாரி குரோ பக் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் பயின்ற உடற்கல்வி ஆசிரியர்கள் இத்தகைய நவீன விளையாட்டுகளைத் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குக் கொண்டு சென்றனர். உள்ளரங்குக்காகப் பிறந்த இந்த ஆட்டம் இங்குப் பெரும்பாலும் திறந்தவெளிச் சிமெண்டுத் தளங்களிலும் மண் தரையிலும் ஆடப்படுகிறது. பயிற்சிச் சுமையைக் கணக்கிடும்போது இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது.

பன்னாட்டு விதிகளின்படி ஆடுகளம் 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்டது. கூடையின் வளையம் 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கும். ஆட்டம் 10 நிமிடங்கள் கொண்ட நான்கு கால் பகுதிகளாக நடைபெறும். பந்தைக் கைப்பற்றிய அணி 24 வினாடிகளுக்குள் கூடையை நோக்கி எறிய வேண்டும். 2000ஆம் ஆண்டில் இந்த வரம்பு 30 வினாடியிலிருந்து 24 வினாடியாகக் குறைக்கப்பட்ட பின் ஆட்டத்தின் வேகம் மேலும் கூடியது.

ஆஸ்திரேலியத் தேசிய லீக் வீரர்களைப் பற்றி மெக்கின்னெஸ் குழுவினர் 1995இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. ஓர் ஆட்டத்தில் ஒரு வீரர் ஏறத்தாழ 1,000 முறை தம் இயக்கத்தை மாற்றுகிறார் என அது கண்டது. நிற்பவர் ஓடுகிறார், ஓடுபவர் பக்கவாட்டில் நகர்கிறார், உடனே குதிக்கிறார். சராசரியாக இரண்டு வினாடிக்கு ஒருமுறை இம்மாற்றம் நிகழ்கிறது. ஓர் ஆட்டத்தில் ஒருவர் குதிக்கும் முறைகள் சராசரியாக 46. பந்து ஆட்டத்தில் இருக்கும் நேரத்தில் இதயத் துடிப்பு உச்ச அளவின் 89 சதவீதத்தை ஒட்டி இருந்தது.

எனவே கூடைப்பந்து வீரருக்குத் தேவையானது நெடுந்தூர ஓட்டக்காரரின் தாங்குதிறன் மட்டுமன்று. குறுகிய விரைவோட்டம், திடீரென நிற்றல், திசை மாறுதல், குதித்தல் ஆகியவற்றைச் சிறு இடைவெளிகளில் மீண்டும் மீண்டும் செய்யும் திறன் வேண்டும். திடலைச் சுற்றிப் பத்துச் சுற்று ஓடுவதையே பருவ முன் பயிற்சியாகக் கொள்ளும் அணி, ஆட்டம் கேட்கும் திறன்களில் ஒரு பகுதியை மட்டுமே வளர்க்கிறது.

## ஊரகப் பள்ளிகளின் பருவ முன் காலம்

உத்திரமேரூர், காஞ்சிபுரம் நகரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பேரூராட்சி ஆகும். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகளால் அறியப்பட்ட இவ்வூரைச் சுற்றி ஏரிப் பாசன வேளாண் சிற்றூர்கள் அமைந்துள்ளன. 2019 நவம்பரில் செங்கல்பட்டு மாவட்டம் பிரிக்கப்பட்ட பின்னரும் உத்திரமேரூர் வட்டம் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே நீடிக்கிறது. தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள மேலக்கோட்டையூர் இன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ளது.

தமிழ்நாட்டுப் பள்ளி விளையாட்டுப் போட்டிகள் குறுவட்ட அளவில் தொடங்கி, வருவாய் மாவட்ட அளவு, மாநில அளவு எனப் படிப்படியாக மேலே செல்கின்றன. 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் எனப் பிரிவுகள் உண்டு. கோடை விடுமுறைக்குப் பின் ஜூன் மாதத்தில் பள்ளிகள் திறக்கப்படுகின்றன. குறுவட்டப் போட்டிகள் பொதுவாக ஜூலை, ஆகஸ்ட் மாதங்களையொட்டி வருகின்றன. ஆகவே ஒரு பள்ளி அணிக்குக் கிடைக்கும் பருவ முன் காலம் ஏறத்தாழ ஆறு முதல் எட்டு வாரங்களே.

இந்தச் சில வாரங்கள் மாணவரின் எதிர்காலத்தையும் பாதிக்கக்கூடியவை. குறுவட்டப் போட்டிகள் பெரும்பாலும் தோற்ற அணி வெளியேறும் முறையில் நடக்கின்றன. ஒரே நாளில் இரண்டு அல்லது மூன்று ஆட்டங்கள் ஆடவும் நேரிடும். முதல் நாளில் முக்கிய வீரருக்குக் கணுக்கால் சுளுக்கினால் அந்த ஆண்டின் வாய்ப்பு அத்துடன் முடிந்துவிடலாம். உயர் நிலைப் போட்டிகளில் பெறும் சான்றிதழ் விளையாட்டு ஒதுக்கீட்டின் கீழ் உயர்கல்வி பெறவும், விளையாட்டு விடுதியில் இடம் பெறவும் துணை செய்யும். ஊரக மாணவருக்கு இது பெரிய வாய்ப்பு. அதை இழப்பதற்குத் திறமைக் குறைவு மட்டுமே காரணமன்று. ஆயத்தக் குறைவும், கடைசி இரு வாரங்களில் அவசரமாக ஏற்றப்படும் பயிற்சியும் காரணமாகின்றன.

## புறச் சுமையும் அகச் சுமையும்

பயிற்சிச் சுமை இரு வகைப்படும்.

புறச் சுமை என்பது வீரர் செய்த வேலையின் அளவு. எத்தனை நிமிடம் ஆடினார், எத்தனை முறை விரைந்தோடினார், எத்தனை முறை குதித்தார் என்பன இதில் அடங்கும். தொழில்முறை அணிகள் உடலில் அணியும் உணரிகளைக் கொண்டு இதை அளக்கின்றன.

அகச் சுமை என்பது அந்த வேலைக்கு உடல் தந்த விலை. இதயத் துடிப்பு, இரத்தத்தில் சேரும் லாக்டேட்டு, வீரர் உணரும் களைப்பு ஆகியன இதைக் காட்டும்.

இருவரின் புறச் சுமை ஒன்றாக இருந்தாலும் அகச் சுமை வேறுபடலாம். ஒரே அணியில் உள்ள இரு மாணவர்கள் ஒரே 60 நிமிடப் பயிற்சியைச் செய்கின்றனர் எனக் கொள்வோம். ஒருவர் பள்ளிக்கு அருகில் வசிப்பவர். மற்றவர் எட்டு கிலோமீட்டர் மிதிவண்டி மிதித்து வந்து, மாலையில் அதே தொலைவு திரும்ப வேண்டியவர். விடுமுறை நாளில் வயலில் நாற்றுக் கட்டு சுமந்தவரும் உண்டு. வீட்டில் தண்ணீர் எடுத்து, சமையலுக்கு உதவிவிட்டு வரும் மாணவியும் உண்டு. இவை பயிற்சி அட்டவணையில் இடம்பெறுவதில்லை, ஆனால் உடல் அவற்றையும் சேர்த்தே கணக்கிடுகிறது. அதனால்தான் ஊரக அணிகளில் அகச் சுமையைக் கேட்டறிவது மிகவும் தேவையாகிறது.

## சுமையை அளக்கும் எளிய முறை

சுவீடனைச் சேர்ந்த உளவியலாளர் குன்னர் போர்க், ஒருவர் உணரும் உழைப்பை எண்ணால் குறிக்கும் அளவுகோல்களை உருவாக்கினார். அவரது 0 முதல் 10 வரையிலான அளவுகோலைச் சற்று மாற்றி, அமெரிக்க உடலியலாளர் கார்ல் ஃபாஸ்டர் விளையாட்டுப் பயிற்சிக்குப் பொருத்தினார். பயிற்சி முடிந்து ஏறத்தாழ 30 நிமிடங்களுக்குப் பின் வீரரிடம், "இன்றைய பயிற்சி எப்படி இருந்தது?" எனக் கேட்க வேண்டும். அவர் சொல்லும் எண்ணைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்கினால் அன்றைய சுமை கிடைக்கும்.

| எண் | உணர்வு |
|---|---|
| 0 | ஓய்வு |
| 1 | மிக மிக எளிது |
| 2 | எளிது |
| 3 | மிதம் |
| 4 | சற்றுக் கடினம் |
| 5 | கடினம் |
| 7 | மிகக் கடினம் |
| 10 | இதற்கு மேல் முடியாது |

60 நிமிடப் பயிற்சிக்கு ஒரு மாணவர் 6 என்று சொன்னால் அன்றைய சுமை 60 × 6 = 360 அலகுகள். பயிற்சி முடிந்த உடனே கேட்டால் கடைசியாகச் செய்த ஓட்டத்தின் களைப்பே பதிலாக வரும். எனவே சற்றுப் பொறுத்துக் கேட்பது நல்லது. பேருந்துக்குச் செல்லும் மாணவர்கள் மறுநாள் காலையில் சொல்லலாம். ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்க வேண்டும். மற்றவர் முன்னிலையில் கேட்டால், "எனக்கு ஒன்றும் இல்லை சார்" என்று குறைத்துச் சொல்வது பதின்ம வயதின் இயல்பு.

பயிற்சியாளரின் மதிப்பீடு மட்டும் போதாதா என்ற கேள்வி எழலாம். ஃபாஸ்டர் குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. பயிற்சியாளர் எளிதாக இருக்க வேண்டும் என்று திட்டமிட்ட நாள்களை வீரர்கள் அதைவிடக் கடினமாகவும், கடினமாக இருக்க வேண்டிய நாள்களை அதைவிட எளிதாகவும் செய்திருந்தனர். இதனால் எல்லா நாள்களும் ஒரே மாதிரியான நடுத்தரச் சுமையாக மாறிவிடுகின்றன.

### ஒரே மாதிரித்தன்மை

வாரச் சுமை எவ்வளவு என்பதோடு அது நாள்களுக்கிடையே எப்படிப் பகிரப்பட்டுள்ளது என்பதும் முக்கியம். ஃபாஸ்டர் இதை ஒரே மாதிரித்தன்மை என்னும் எண்ணால் குறித்தார். வாரத்தின் நாள் சராசரியைத் திட்ட விலக்கத்தால் வகுத்தால் இவ்வெண் கிடைக்கும். கீழுள்ள இரு வாரங்களும் விளக்கத்துக்காக அமைக்கப்பட்டவை.

| நாள் | முதல் அணி: நிமிடம் × எண் | முதல் அணியின் சுமை | இரண்டாம் அணியின் சுமை |
|---|---|---|---|
| திங்கள் | 60 × 5 | 300 | 300 |
| செவ்வாய் | 60 × 6 | 360 | 300 |
| புதன் | 45 × 3 | 135 | 300 |
| வியாழன் | 60 × 7 | 420 | 300 |
| வெள்ளி | 45 × 3 | 135 | 300 |
| சனி | 75 × 6 | 450 | 300 |
| ஞாயிறு | ஓய்வு | 0 | 0 |
| மொத்தம் | | 1,800 | 1,800 |

இரு அணிகளின் வாரச் சுமையும் 1,800 அலகுகளே. நாள் சராசரி 257. முதல் அணியின் திட்ட விலக்கம் 169. ஒரே மாதிரித்தன்மை 1.52. இரண்டாம் அணியின் திட்ட விலக்கம் 113. ஒரே மாதிரித்தன்மை 2.27. இவ்வெண் 2ஐத் தாண்டுவதை ஓர் எச்சரிக்கையாகக் கொள்வது வழக்கம். தினமும் ஒரே கடினத்தில் பயிற்சி தருவது ஒழுங்கான முறையாகத் தோன்றும். ஆனால் அம்முறையில் உடல் மீள்வதற்கு எளிய நாளே இல்லை. கடினமான நாளுக்கு அடுத்து எளிய நாள் வருமாறு அமைப்பதே இதிலிருந்து பெறும் பாடம்.

## சுமை எவ்வாறு உடல்திறனாக மாறுகிறது

நெருக்கடிக்கு உடல் காட்டும் பொதுவான எதிர்வினையை ஹான்ஸ் செல்யே 1936இல் விவரித்தார். பயிற்சியும் உடலுக்கு ஒரு நெருக்கடியே. பயிற்சியின்போது தசையில் எரிபொருள் குறைகிறது. இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. ஓய்விலும் உறக்கத்திலும் உடல் அதைச் சீர்செய்து, முன்பைவிடச் சற்று உயர்ந்த நிலைக்கு வருகிறது. உடல்திறன் பயிற்சியால் தூண்டப்பட்டு ஓய்வில் வளர்கிறது எனச் சுருக்கமாகச் சொல்லலாம்.

1970களில் எரிக் பேனிஸ்டர் இதைக் கணித வடிவில் விளக்கினார். ஒவ்வொரு பயிற்சியும் இரு விளைவுகளை விட்டுச் செல்கிறது. ஒன்று உடல்திறன், அது மெதுவாக வளர்ந்து மெதுவாகக் குறையும். மற்றொன்று அயர்வு, அது பெரிதாக எழுந்து விரைவாகக் குறையும். களத்தில் நாம் காணும் செயல்திறன் இவ்விரண்டின் வேறுபாடே. கடினமான வாரத்தின் முடிவில் நன்கு பயின்ற மாணவரும் தாழக் குதிப்பதற்கு இதுவே காரணம். அவரது திறன் குறையவில்லை. அயர்வு அதை மறைக்கிறது. போட்டிக்கு முந்தைய வாரத்தில் சுமையைக் குறைத்தால் அயர்வு நீங்கித் திறன் வெளிப்படும்.

அதிகச் சுமை என்றால் அதிகத் திறன் என்று கொள்ள முடியுமா? இத்தாலியக் கூடைப்பந்து வீரர்களின் ஆயத்தக் காலத்தைப் பற்றி ஃபெரியோலி குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வு இங்குப் பயன்படுகிறது. தொழில்முறை வீரர்களின் சுமை பகுதிநேரத் தொழில்முறை வீரர்களின் சுமையைப்போல் இரு மடங்குக்கும் மேலாக இருந்தது. ஆயினும் இடைவிட்ட ஓட்டத் தாங்குதிறனை அளக்கும் யோ-யோ சோதனையில் இரு குழுவினரும் ஏறத்தாழ 30 சதவீத முன்னேற்றமே கண்டனர். வேறு சில உடலியல் அளவுகளில் தொழில்முறை வீரர்கள் சற்றுக் கூடுதலாகப் பயன் பெற்றனர். சுமையை இரட்டித்தால் பயனும் இரட்டிக்கும் என எதிர்பார்க்க இயலாது என்பதை இது காட்டுகிறது. நாளுக்கு ஒரு மணி நேரமே கிடைக்கும் பள்ளி அணிக்கு இது நல்ல செய்தி.

## திடீர் ஏற்றமும் காயமும்

உடலின் எல்லா உறுப்புகளும் ஒரே வேகத்தில் பழகுவதில்லை. இதயமும் இரத்த ஓட்டமும் சில வாரங்களில் முன்னேறுகின்றன. தசைநாண்களும் எலும்பும் மெதுவாகவே வலுப்பெறுகின்றன. மூன்றாம் வாரத்தில் மாணவர் மூச்சு வாங்காமல் ஓடுவதைப் பார்த்து ஆசிரியர் குதிக்கும் பயிற்சிகளை இரட்டிப்பாக்குவார். முழங்கால் நாணோ அதற்கு இன்னும் ஆயத்தமாகியிருக்காது.

கூடைப்பந்தில் மிகுதியாக ஏற்படும் காயம் கணுக்கால் சுளுக்கு. பெரும்பாலும் குதித்து இறங்கும்போது மற்றொருவரின் பாதத்தின் மீது கால் பட்டு மடங்குவதால் இது நேர்கிறது. முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள நாணில் வலி, கெண்டைக்கால் முன் எலும்பில் வலி ஆகியவை மெல்லச் சேரும் காயங்கள். சிமெண்டுத் தளமும் தேய்ந்த காலணியும் இவற்றுக்குத் துணை போகின்றன.

அண்மை ஒரு வாரச் சுமையைக் கடந்த நான்கு வாரச் சராசரியோடு ஒப்பிடும் முறையை டிம் கேபெட் பரவலாக அறியச் செய்தார். கடந்த நான்கு வாரங்களில் 300, 300, 400, 400 அலகுகளே செய்த மாணவரின் சராசரி 350. போட்டி நெருங்குகிறது என்று அடுத்த வாரம் காலை, மாலை என இருவேளைப் பயிற்சி தந்து 2,100 அலகுகளை ஏற்றினால், அவர் பழகியதைப்போல் ஆறு மடங்கு சுமையைப் பெறுகிறார். அதே 2,100 அலகுகள் மாதக்கணக்கில் படிப்படியாகப் பழகிய வீரருக்கு இயல்பான வாரமாக இருக்கலாம். நல்ல பயிற்சித் தளம் உடைய உடலே கடினமான வாரத்தைத் தாங்கும் என்பது கேபெட்டின் வாதம். எனவே குறைவான பயிற்சியும் ஒருவகையில் காயத்துக்கு வழிவகுக்கும்.

இந்த விகிதத்தை 0.8 முதல் 1.3 வரை வைத்திருப்பது நல்லது எனப் பலர் பரிந்துரைத்தனர். பிற்காலத்தில் இதன் கணித அடிப்படை குறித்து வலுவான விமர்சனங்கள் எழுந்தன. ஆதலால் இதைக் காயத்தை முன்னறிவிக்கும் எண்ணாகக் கொள்ளாமல், ஏற்றம் அளவு மீறுகிறதா எனப் பார்க்கும் கைவிளக்காக மட்டும் கொள்ள வேண்டும்.

## வெயிலும் சுமையே

காஞ்சிபுரம் மாவட்டத்தில் மே மாதப் பகல் வெப்பம் 40 பாகை செல்சியசை ஒட்டிச் செல்வது உண்டு. கத்திரி வெயில் முடிந்த பின்னும் ஜூன் மாதத்தில் வெப்பம் எளிதில் தணிவதில்லை. வெப்பத்தில் உடல் தோலுக்கும் தசைக்கும் ஒரே நேரத்தில் இரத்தத்தை அனுப்ப வேண்டியுள்ளது. அதனால் அதே ஓட்டத்துக்கு இதயத் துடிப்பு கூடுகிறது. மாணவர் சொல்லும் எண்ணும் ஏறுகிறது.

வெப்பத்துக்கு உடல் பழக 10 முதல் 14 நாள்கள் ஆகும். இக்காலத்தில் இரத்த நீர்மத்தின் அளவு கூடுகிறது. வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்குகிறது. வியர்வையில் வெளியேறும் உப்பு குறைகிறது. எனவே பள்ளி திறந்த முதல் இரு வாரங்களில் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்கலாம்.

* பயிற்சியைக் காலை வேளையிலோ மாலை வெயில் தாழ்ந்த பின்னரோ நடத்துதல்.
* முதல் வாரத்தில் கடின ஓட்டங்களைத் தவிர்த்து, நாள்தோறும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுதல்.
* 15 முதல் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை நிழலில் நிறுத்தித் தண்ணீர் தருதல். தண்ணீர் குடிக்க விடாமல் பயிற்சி தருவது மன உறுதியை வளர்க்கும் என்பது தவறான நம்பிக்கை.
* பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தல். 50 கிலோ எடையுள்ள மாணவர் ஒரு கிலோவுக்கு மேல் குறைந்தால் அவர் குடித்த நீர் போதவில்லை எனப் பொருள்.
* உப்பிட்ட நீர்மோர், எலுமிச்சைச் சாறு, தேவைப்பட்டால் உப்பு சர்க்கரைக் கரைசல் தருதல்.

தள்ளாட்டம், குழப்பமான பேச்சு, மயக்கம் ஆகியவை வெப்பத் தாக்கத்தின் அறிகுறிகளாக இருக்கலாம். உடனே பயிற்சியை நிறுத்தி, நிழலில் கிடத்தி, உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றி விசிற வேண்டும். 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். சுயநினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் நீர் புகட்டக் கூடாது.

## வளரும் வயதினர்

பள்ளி அணியினர் முழு வளர்ச்சி பெற்றவர்கள் அல்லர். உயரம் வேகமாகக் கூடும் காலத்தில் முழங்காலுக்குக் கீழே, முன்புற எலும்பு மேட்டில் வலி தோன்றலாம். ஆஸ்குட்-ஷ்லாட்டர் நோய் எனப்படும் இந்நிலையில் குதிக்கும் பயிற்சியைக் குறைப்பதே முதல் சிகிச்சை. வலியைப் பொறுத்துக்கொண்டு ஆடச் சொல்வது அதை நீட்டிக்கும். 14 வயதுக்குட்பட்ட ஒரே அணியில் உடல் முதிர்ந்தவரும் முதிராதவரும் கலந்திருப்பர் என்பதால் எல்லோருக்கும் ஒரே அளவுக் குதிப்பு பொருந்தாது.

மாணவியரிடம் இரும்புச்சத்துக் குறைவைக் கவனிக்க வேண்டும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தச்சோகை உள்ளது. இரத்தச்சோகை உள்ளவருக்குத் தசைக்குச் செல்லும் உயிர்வளி குறையும். எளிய ஓட்டமும் கடினமாகும். எல்லோரும் 4 என்று சொல்லும் பயிற்சிக்கு ஒரு மாணவி தொடர்ந்து 7 என்று சொன்னால் அவரைச் சோம்பேறி என்று கருதாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்ல வேண்டும். முழங்கால் முன் சிலுவைத் தசைநார்க் காயமும் பெண்களுக்கு மிகுதியாக ஏற்படுகிறது. முழங்காலை மடக்கி, மென்மையாக இறங்கக் கற்றுத் தருவது இதைத் தடுக்க உதவும்.

உணவும் உறக்கமும் பயிற்சியின் பகுதிகளே. சத்துணவு முட்டை, வேர்க்கடலை, கேழ்வரகுக் கூழ், பருப்பு, கீரை, வாழைப்பழம் ஆகியவை எளிதில் கிடைப்பவை. காலைப் பயிற்சிக்கு வெறும் வயிற்றில் வருவோருக்குப் பயிற்சி முடிந்ததும் உணவு கிடைக்க வழி செய்ய வேண்டும். 13 முதல் 18 வயதினருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் பரிந்துரைக்கப்படுகிறது.

## உடல்திறன் சோதனைகள்

பயிற்சி பயன் தந்ததா என அறியப் பருவ முன் காலத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே சோதனைகளைச் செய்ய வேண்டும்.

| திறன் | சோதனை | செய்முறை |
|---|---|---|
| வெடிதிறன் | சார்ஜென்ட் குதிப்பு | சுண்ணக்கட்டி பூசிய விரலால் சுவரில் நின்ற உயரத்தையும் குதித்த உயரத்தையும் குறித்து வேறுபாட்டை அளத்தல் |
| வேகம் | 20 மீட்டர் விரைவோட்டம் | இரு முயற்சிகளில் சிறந்த நேரம் |
| திசை மாற்றும் திறன் | டி வடிவ ஓட்டம் | 9.14 மீட்டர் முன்னோக்கி, இரு பக்கமும் 4.57 மீட்டர், பின்னோக்கித் திரும்புதல் |
| தாங்குதிறன் | 20 மீட்டர் தொடர் ஓட்டம் | ஒலிக்கேற்ப ஓடுதல், மணிக்கு 8.5 கிலோமீட்டரில் தொடங்கி நிமிடந்தோறும் 0.5 கூடும் |
| வேகத் தாங்குதிறன் | கோட்டு ஓட்டம் | அருகுத் தனி எறி கோடு, நடுக்கோடு, எதிர்த் தனி எறி கோடு, எதிர் எல்லைக்கோடு ஆகியவற்றைத் தொட்டுத் தொட்டுத் திரும்புதல் |

முழு ஆடுகளத்தில் கோட்டு ஓட்டத்தின் மொத்தத் தொலைவு 140 மீட்டர் ஆகும். அரை ஆடுகளம் மட்டுமே உள்ள பள்ளிகளில் திறந்த திடலில் 5.8, 14, 22.2, 28 மீட்டர் தொலைவுகளில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொள்ளலாம்.

இரு சோதனைகளும் ஒரே நேரத்தில், ஒரே தரையில், ஒரே வகைக் காலணியுடன் நடத்தப்பட வேண்டும். காலையில் செய்த முதல் சோதனையையும் மாலையில் செய்த இரண்டாம் சோதனையையும் ஒப்பிட முடியாது. குதிப்பில் ஓரிரு சென்டிமீட்டர் வேறுபாடு அளவைப் பிழையாகவும் இருக்கலாம்.

## ஆறு வார மாதிரித் திட்டம்

விடுமுறையில் வாரம் இரண்டு மூன்று நாள்களாவது ஆடிக்கொண்டிருந்த 17 வயதுக்குட்பட்ட அணிக்கான மாதிரி இது. அறவே ஆடாதிருந்த அணி இதைவிடக் குறைந்த அளவில் தொடங்க வேண்டும்.

| வாரம் | இலக்குச் சுமை | முதன்மை நோக்கம் |
|---|---|---|
| 1 | 1,200 | வெப்பத்துக்குப் பழகுதல், முதல் சோதனை, பந்துத் திறன்கள், உடல் எடைப் பயிற்சிகள் |
| 2 | 1,500 | இடைவிட்ட ஓட்டம், இறங்கும் முறை, குறைந்த அளவுக் குதிப்பு |
| 3 | 1,800 | மூவருக்கு மூவர் ஆட்டங்கள், திசை மாற்ற ஓட்டம் |
| 4 | 1,400 | சுமை குறைப்பு, எறிதல் பயிற்சி, குறைகளைச் சரிசெய்தல் |
| 5 | 1,900 | முழு ஆட்டப் பயிற்சி, வேகத் தாங்குதிறன் |
| 6 | 1,150 | வேகம் குறையாமல் நேரத்தைக் குறைத்தல், இறுதிச் சோதனை |

ஐந்தாம் வாரத்தின் 1,900 அலகுகளை முந்தைய நான்கு வாரச் சராசரியான 1,475 உடன் ஒப்பிட்டால் விகிதம் 1.29 ஆகும். ஆறாம் வாரத்தில் சுமை ஏறத்தாழ 40 சதவீதம் குறைகிறது. இங்குக் குறைக்கப்படுவது நேரமும் திரும்பச் செய்யும் எண்ணிக்கையும்தான். ஓடும்போது போட்டி வேகத்திலேயே ஓட வேண்டும். இறுதிச் சோதனையைப் போட்டிக்கு மூன்று நாள்களுக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

மூவருக்கு மூவர் போன்ற சிறு ஆட்டங்கள் ஊரகப் பள்ளிகளுக்கு ஏற்றவை. அரை ஆடுகளமும் ஒரு பந்தும் போதும். ஒவ்வொருவருக்கும் பந்து அடிக்கடி கிடைக்கும். இதயத் துடிப்பும் போட்டியை ஒட்டி உயரும். உடல்திறனும் ஆட்டத்திறனும் ஒரே நேரத்தில் வளரும். மழையால் ஒரு நாள் பயிற்சி தவறினால் அந்தச் சுமையை மறுநாளுடன் சேர்த்து ஏற்றக் கூடாது; தவறியது தவறியதாகவே இருக்கட்டும்.

நாள்தோறும் குறிப்பேட்டில் ஒவ்வொருவருக்கும் ஐந்து செய்திகளைப் பதியலாம்: பயிற்சி நிமிடங்கள், அவர் சொன்ன எண், இரண்டின் பெருக்கற்பலன், முந்தைய இரவு உறங்கிய நேரம், வலி இருந்தால் அதன் இடம். இரு வாரப் பதிவே யார் மீண்டு வருகிறார், யார் தேய்கிறார் என்பதைக் காட்டிவிடும். காலையில் எழுந்தவுடன் 15 வினாடிகள் நாடியை எண்ணி நான்கால் பெருக்கினால் ஓய்வுத் துடிப்பு கிடைக்கும். அது வழக்கத்தைவிடப் பல நாள்கள் தொடர்ந்து உயர்ந்திருந்தால் மீட்சி போதவில்லை என ஐயுறலாம்.

## வரம்புகள்

உணர்வு எண் அவரவர் சொல்வதைப் பொறுத்தது. அணியில் இடம் பறிபோகும் என அஞ்சும் மாணவர் குறைத்தே சொல்வார். பெரிய எண்ணைச் சொன்னவரைக் கேலி செய்யும் அணியில் இம்முறை பயன் தராது. மேலும் ஒரே 360 அலகுகள் நீண்ட மெதுவோட்டத்தாலும் வரலாம், கடுமையான குதிப்புப் பயிற்சியாலும் வரலாம். முழங்காலுக்கு அவை இரண்டும் ஒன்றல்ல. எனவே குதித்த எண்ணிக்கையைத் தனியே குறித்துக்கொள்வது நல்லது. மேலே கூறப்பட்ட ஆய்வுகளில் இடம்பெற்ற லீக் வீரர்கள் வயதிலும் பயிற்சி அனுபவத்திலும் பள்ளி மாணவர்களிலிருந்து வேறுபட்டவர்கள். அவர்களின் எண்களை அப்படியே மாணவர்களுக்கு இலக்காக வைக்கக் கூடாது. பள்ளி அணிகள் தங்கள் குறிப்பேடுகளை ஆண்டுதோறும் பாதுகாத்து வந்தால், அடுத்த ஆண்டு அணிக்கு எவ்வளவு சுமை பொருந்தும் என்பதற்கு அதுவே சிறந்த வழிகாட்டியாக அமையும்.